தொலைநோக்கியும் துப்பாக்கியும்: பெரிதாகத் தெரிந்தால் போதுமா?

1864ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தது. வேர்ஜீனியாவின் ஸ்பொட்சில்வேனியா என்னுமிடத்தில் வடபுலப் படைத்தளபதி ஜோன் செட்விக் தமது பீரங்கி நிலைகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தார். எதிர்ப்புறத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்த சன்னங்களுக்கு அஞ்சிப் படையினர் தலையைத் தாழ்த்தினர். இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு யானையைக்கூட அவர்களால் சுட முடியாது என்று கூறி அவர்களைக் கேலி செய்தார் செட்விக். சற்று நேரத்தில் அவரது இடது கண்ணுக்குக் கீழே ஒரு சன்னம் பாய்ந்தது. அந்தத் தொலைவு ஏறத்தாழ 900 மீற்றர் என்பர்.

செட்விக்கைக் கொன்றது இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் வடிவமைத்த, அறுகோணத் துளைக் குழல் கொண்ட துப்பாக்கி என்பது பொதுவாகக் கூறப்படுவது. தென்புலத்தார் கடல் முற்றுகையைத் தாண்டி இறக்குமதி செய்த அத்துப்பாக்கிகள் சிலவற்றின் இடது பக்கத்தில் ஒரு சிறு தொலைநோக்கியும் பொருத்தப்பட்டிருந்தது. அதன் பெயர் டேவிட்சன் தொலைநோக்கி. அதை உருவாக்கிய டேவிட் டேவிட்சன், பம்பாய்ப் படையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி. இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கிமீது தொலைநோக்கியைப் பொருத்திப் பார்த்தவர் அவர்.

இங்கே ஓர் ஒப்பீடு மனதிற்கு வருகிறது. அதே நூற்றாண்டில், பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள இலங்கையில் ஆங்கிலேயர் யானைகளைக் கொன்று குவித்துக் கொண்டிருந்தனர். பதுளையில் பணியாற்றிய மேஜர் ரொஜர்ஸ் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். 1845இல் அப்புத்தளை அருகே இடி விழுந்து மாண்டார். யானைகளுக்கு அதைவிட நல்ல செய்தி அந்த ஆண்டில் இருந்திருக்க முடியாது! அடுத்து நுவரெலியாவில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் 1864இல் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியைக் கண்டு ஐரோப்பாவுக்கு அறிவித்த சாமுவேல் பேக்கர் வந்தார். இவர்களில் எவருக்கும் தொலைநோக்கி தேவைப்படவில்லை. அடர்ந்த காட்டில் யானை கண்ணில் படுவதே பத்து இருபது அடி வைப்புத் தூரத்தில்தான். அங்கு வேண்டியிருந்தது பருத்த குண்டும் கைத்துணிவும். திறந்த சமவெளியில் நெடுந்தொலைவில் நிற்கும் மானைச் சுட நினைப்பவனுக்கு மட்டுமே கண்ணாடி துணைக்கு வேண்டும்.

எத்தகைய சூட்டுக்கு எத்தகைய தொலைநோக்கி என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. அதற்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இடையில் பல இராணுவங்கள் தவறான கண்ணாடியைத் தம் படையினர் கையில் கொடுத்தன. அதற்கான விலையை அந்தப் படையினரே செலுத்தினர்.

ஆரம்பத்தில் வழிகாட்டியவர்கள் அமெரிக்காவின் இலக்குச் சூட்டாளர்கள். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் 1855இல் தொழில் தொடங்கிய வில்லியம் மல்கம், நிறச்சிதறலைக் குறைக்கும் வில்லைகளைப் பயன்படுத்தி மூன்று மடங்கு முதல் இருபது மடங்கு வரை உருப்பெருக்கம் தரும் தொலைநோக்கிகளைச் செய்தார். துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கு ஏறத்தாழச் சமமான மெல்லிய குழாய்கள் அவை. மேசைமீது தாங்கியில் வைத்து, அவசரமில்லாமல் அசையாத அட்டையைச் சுடுவோருக்கு அவை மிகப் பொருத்தமானவை. போர் வெடித்தபோது அதே கனத்த துப்பாக்கிகளுடனேயே சிலர் களத்திற்குச் சென்றனர். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதை அங்கு சென்ற பின்னரே அறிந்தனர்.

ஐரோப்பிய வேட்டைக்காரரின் தேவை முற்றிலும் வேறு. ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் மானும் காட்டுப்பன்றியும் காட்டோரத்திற்கு வருவது வைகறையிலும் அந்தியிலும். அங்கு சிக்கல் தூரம் அல்ல, இருள். 1880இல் ஒஸ்ரியாவைச் சேர்ந்த வன அதிகாரி ஓகஸ்ட் பீட்லர் உருவாக்கிய வேட்டைத் தொலைநோக்கியிலிருந்து அந்நாடுகளின் கண்ணாடித் தொழில் இந்தத் திசையிலேயே வளர்ந்தது.

இதன் பின்னாலுள்ள கணக்கு எளிமையானது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். நான்கு மடங்கு, 32 மில்லிமீற்றர் என்றால் 8 மில்லிமீற்றர். எட்டு மடங்கு, 56 மில்லிமீற்றர் என்றால் 7. ஆனால் இருபத்துநான்கு மடங்கு, 50 மில்லிமீற்றர் என்றால் இரண்டைச் சற்றே தாண்டும். இருளில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும், வயதாக ஆகச் சுருங்கும். ஆகவே நண்பகலில் அற்புதமாகத் தெரியும் இருபத்துநான்கு மடங்குக் கண்ணாடி அந்தி வேளையில் கருங்குழாயாகிவிடும். ஜேர்மனிய வேட்டைக்காரர்கள் இன்றும் 56 மில்லிமீற்றர் வில்லையைச் சுமந்து திரிவதன் காரணம் இதுதான்.

1914இல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழிப் போர் தொடங்கியவுடன் ஜேர்மனியர் வேட்டைக்காரர்களிடமிருந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பினர். அந்தியின் மங்கல் ஒளிக்கென்று செய்யப்பட்ட, மூன்று நான்கு மடங்கு பெருக்கும் அக்கண்ணாடிகள் பதுங்குகுழிக்கு அப்படியே பொருந்தின. எதிர்நிலை சில நூறு மீற்றருக்குள் இருந்தது. இலக்கு ஒரு கணம் தோன்றி மறையும் தலை. பிரித்தானியரிடம் அப்போது இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை.

போர்க்காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'சினைப்பர் தாக்குதல்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அச்சொல்லின் மூலம் ஒரு பறவை. நம் வயல்வெளிகளில் காணும் உள்ளானைத்தான் ஆங்கிலத்தில் ஸ்னைப் என்கின்றனர். வளைந்து வளைந்து பறக்கும் அப்பறவையைச் சுடப்போவதை இந்தியாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இப்படிக் குறிப்பிட்டனர். பறக்கும் உள்ளானைச் சுடுபவன் தொலைநோக்கியைத் தொடவே மாட்டான் என்பது வேறு விடயம்.

பிரித்தானியரின் நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹெஸ்கெத் பிரிச்சார்ட். வேட்டைக்காரர், நாடாய்வுப் பயணி, ஹம்ஷயர் அணியின் வேகப்பந்து வீச்சாளர், எழுத்தாளர். போர்முனைக்கு அவர் வந்ததே செய்தியாளர்களை அழைத்துச் சென்று காட்டும் அதிகாரியாகத்தான். தமது சொந்தச் செலவில் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்தார். ஜேர்மனியரின் உருக்குத் தகடுகளைத் துளைக்க யானை வேட்டைத் துப்பாக்கிகளையும் வரவழைத்தார். படைப்பிரிவுகளிடம் ஏற்கனவே இருந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை குறி தவறியிருந்ததைக் கண்டார். பொருத்திய பிடிகள் தளர்ந்திருந்தன. அவற்றைச் சரிசெய்ய எவருக்கும் கற்பிக்கப்படவில்லை. 1916இல் பிரான்சின் லாங்கெம் கிராமத்தில் அவர் நிறுவிய பயிற்சிப் பாடசாலையின் முதல் வேலையே இதைச் சீர்செய்வதாக இருந்தது.

ஆயினும் அவரால் திருத்த முடியாத ஒரு குறை மேலிடத்தில் விளைந்தது. பிரித்தானிய எண்பீல்ட் துப்பாக்கியில் மேலிருந்து ஐந்து ஐந்து தோட்டாக்களாகச் செலுத்துவர். அதற்கு இடையூறாகக் கூடாது என்று தொலைநோக்கியை இடது பக்கமாகத் தள்ளிப் பொருத்தும்படி அதிகாரிகள் முடிவு செய்தனர். காகிதத்தில் நியாயமான முடிவுதான். பதுங்குகுழியிலோ உருக்குத் தகட்டிலுள்ள ஒடுங்கிய துளை வழியாகவே சுட வேண்டும். துப்பாக்கிக் குழல் துளைக்குள் சென்றால் தொலைநோக்கி தகட்டைப் பார்த்துக் கொண்டிருக்கும்! விரைந்து தோட்டா செலுத்தும் வசதி, ஒரே ஒரு சூட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவனுக்கு எதற்கு? காலாட்படைக்காரனின் தேவையைப் பதுங்கிச் சுடுபவன்மீது சுமத்தியதன் விளைவு இது. தொலைநோக்கியை நடுவில் மேலே பொருத்திய துப்பாக்கி ஏற்கப்பட்டது 1918இல். அதற்குள் போர் முடிவை நெருங்கிவிட்டது.

அமெரிக்கர் இதைவிட விசித்திரமான தவறொன்றைச் செய்தனர். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 36 அங்குலப் பெருந்தொலைநோக்கியைத் தாங்கும் பீடத்தைச் செய்த வோனர் அண்ட் சுவேசி நிறுவனத்திடம் துப்பாக்கிக் கண்ணாடியையும் ஒப்படைத்தனர். 1908ஆம் ஆண்டு மாதிரி ஆறு மடங்கு, 1913ஆம் ஆண்டு மாதிரி ஐந்து மடங்குக்குச் சற்று மேல். கனத்த பெட்டி போன்ற அமைப்பு. கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே நான்கு சென்ரிமீற்றர் இடைவெளிகூட இல்லை. பின்னுதையில் கண்ணைத் தாக்காமலிருக்க ஓர் இறப்பர்க் கிண்ணத்தை வைத்தனர். அக்கிண்ணம் கண்குழியில் காற்றிறுக்கமாக ஒட்டிக்கொண்டது. கனடியர்களும் இதைத் தமது ரொஸ் துப்பாக்கியில் பொருத்தி அவதிப்பட்டனர். வானத்து நட்சத்திரம் பார்ப்பவனின் முகத்தில் இடிப்பதில்லை என்பதை வானியல் கருவிக்காரர்கள் மறந்துவிட்டனர் போலும்.

கண்ணாடியே வேண்டாம் என்று தீர்மானித்தவர் பின்லாந்து விவசாயி சிமோ ஹைஹா. 1939-40 குளிர்காலப் போரில் கொல்லா முனையில் சோவியத் படையினர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைச் சுட்டதாக அவர் பெயரில் கணக்கு உண்டு. அவரது துப்பாக்கியில் இருந்தது வெறும் இரும்புக் குறி. தொலைநோக்கியினூடாகப் பார்க்கத் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். வில்லை வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். உறைகுளிரில் பனிபடிந்து மறைக்கும். அவர் சுட்ட தூரங்களுக்கு அது அவசியமாகவும் இல்லை. 1940 மார்ச் 6ஆம் திகதி தாடை சிதறிய நிலையில் அவர் களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். உயிர் பிழைத்து 2002 வரை வாழ்ந்தார்.

அதே போரிலும் அடுத்த போரிலும் சோவியத் பொறியியலாளர்களும் குறைப்பதையே கற்றனர். முந்திய நான்கு மடங்குத் தொலைநோக்கி கனத்தது, நுணுக்கமானது, செலவு கூடியது. அதன் இடத்திற்கு வந்த பியூ என்ற சிறு கண்ணாடி மூன்றரை மடங்குதான் பெருக்கும். எடை ஏறத்தாழ 270 கிராம். கண்வில்லையைத் திருகித் தெளிவாக்கும் வசதியும் இல்லை. திருகும் இடம் இல்லாததால் ஈரம் புகும் வழியும் குறைந்தது. ஸ்ராலின்கிராட்டின் இடிபாடுகளில் பயன்பட்டது இத்தகைய கண்ணாடிதான். குறைப்பதற்கும் எல்லை உண்டு என்பதை ஜேர்மனியரின் ஒன்றரை மடங்குக் கண்ணாடி காட்டியது. கண்ணிலிருந்து ஒரு முழத் தூரத்தில் குழல்மேல் பொருத்தப்பட்ட அதில் காட்சிப்பரப்பு மிகச் சிறிதாக இருந்ததால் பதுங்கிச் சுடுநர் அதை வெறுத்தனர்.

பிரித்தானியர் இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்திய 32ஆம் இலக்கத் தொலைநோக்கி ஓர் இயந்திரத் துப்பாக்கிக்கென வடிவமைக்கப்பட்டது. அதுவும் மூன்று மடங்கே. அதன் திருத்திய வடிவம் 1982 போக்லண்ட் போர் வரை சேவையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்காலத்தில் கண்ணாடிக்குள்ளேயே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பூச்சில்லாத ஒவ்வொரு வில்லைப் பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வீண். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த மென்பூச்சு இந்த இழப்பைப் பெருமளவு குறைத்தது. ஜேர்மனி அதை இராணுவ இரகசியமாகக் காத்தது. அடுத்து 1947இல் அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் குழாயினுள் நைதரசன் வாயுவை அடைத்து உட்புறம் ஆவி படிவதைத் தடுத்தது. ஹைஹா அஞ்சியவற்றில் ஒரு பாதிக்கு இங்கே தீர்வு கிடைத்தது.

சாதாரண மனிதனின் துப்பாக்கிக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தவர் வில்லியம் வீவர் என்ற இளைஞர். பெருமந்தக் காலமான 1930இல், பொருத்தும் பிடியுடன் 19 டொலருக்கு மூன்று மடங்குத் தொலைநோக்கி ஒன்றை விற்றார். அமெரிக்க இராணுவம் அந்த வேட்டைக் கண்ணாடியைத் தனது 1903 துப்பாக்கியில் பொருத்திப் போருக்கு அனுப்பியது. கடற்படைப் பிரிவினரோ இலக்குச் சூட்டாளரின் எட்டு மடங்கு யூனேர்ட்டலைத் தேர்ந்தனர். 1967இல் வியட்நாமில் கார்லோஸ் ஹத்கொக் கனரக இயந்திரத் துப்பாக்கியில் பொருத்தி 2,286 மீற்றருக்குச் சுட்டது அந்த எட்டு மடங்கினால்தான். அத்தூரம் 2002 வரை முறியடிக்கப்படவில்லை. இடையே மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை மாற்றக்கூடிய ரெட்பீல்ட் தொலைநோக்கியை வியட்நாமுக்குக் கொண்டுசென்றவர்கள், பின்னர் மீண்டும் மாறாத பத்து மடங்குக்கே திரும்பினர். அசையும் பாகம் குறைந்தால் பழுதும் குறையும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

இன்று கடைகளில் கண்ணாடிப் பெட்டிமீது பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது உருப்பெருக்கம்தான். வாங்குவோரும் அதையே முதலில் பார்க்கின்றனர். நான்கு மடங்கில் நூறு மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழப் பத்து மீற்றர் அகலம் தெரியும். பெருக்கம் கூடக் கூட அப்பரப்பு சுருங்கும். கை நடுக்கமும் கானலும் பெருகும். மேசைமீது துப்பாக்கியை நிறுத்தி ஒரே துளையில் ஐந்து சன்னங்களைச் செலுத்த முயல்வோர் 36 மடங்கையும் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்கு அது சரி. புதரிலிருந்து பாயும் விலங்கைச் சுடுபவன் அதனூடாகப் பார்த்தால் மயிர்த்திரளைத் தவிர வேறெதையும் காணான். காற்றுத் துப்பாக்கியின் கதை தனி. சுருள்வில்லின் உந்தல் முன்னும் பின்னும் இருமுறை உலுக்குவதால் பெருந்துப்பாக்கிக்கான கண்ணாடி அதில் விரைவில் உடையும். நூறு மீற்றருக்கு அமைத்த கண்ணாடியைப் பதினைந்து மீற்றருக்குப் பயன்படுத்தினால் கண் சற்று விலகும்போதெல்லாம் குறுக்கிழையும் இலக்கைவிட்டு விலகும்.

ஒலிம்பிக் போட்டிகளில் அசையாத இலக்குகளுக்குத் தொலைநோக்கி அனுமதிக்கப்படுவதில்லை. துளைக்குறி மட்டுமே. நகரும் இலக்குச் சூட்டில் மட்டும் அது இடம்பெற்றது. பத்து மீற்றருக்கு அப்பால் இலக்கு இரண்டு மீற்றர் அகல இடைவெளியை வேகச் சுற்றில் இரண்டரை வினாடியில் கடக்கும். அதற்கு விதிகள் அனுமதித்த உச்ச உருப்பெருக்கம் நான்கு மடங்கு. 2004 ஏதென்ஸ் போட்டியுடன் அதுவும் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.