கூண்டேறிய ஜனாதிபதி, கைமாறாத நிலம்

1998 மார்ச் 19 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டில் நெல்சன் மண்டேலா ஏறினார். அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் ஜனாதிபதி, வயது எழுபத்தொன்பது. ரக்பி சங்க நிர்வாகத்தை விசாரிக்க அவர் ஒரு கமிஷன் அமைத்திருந்தார். அது செல்லாது என்று சங்கம் வழக்குப் போட்டது. கமிஷன் வேண்டும் என்று ஜனாதிபதி தானே யோசித்து முடிவெடுத்தாரா, அமைச்சர் நீட்டிய தாளில் கையெழுத்து மட்டும் போட்டாரா என்பது கேள்வி. நேரில் வந்து சொல்லும்படி நீதிபதி வில்லியம் டி வில்லியர்ஸ் உத்தரவிட்டார். மண்டேலா வந்தார், எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில் 1999 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றியது. ஜனாதிபதியை அப்படிக் கூண்டேற்றியிருக்கவே கூடாது என்றும் சொன்னது. அதற்குள் அவர் பதவியை விட்டு இறங்கியிருந்தார்.

நான் சிவில் வக்கீல். மாவட்ட நீதிமன்றத்தில்தான் என் காலம் போயிற்று. ஒரு தாசில்தாரைக் கூண்டேற்றவே எத்தனை வாய்தா ஆகும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மண்டேலா விட்டுச் சென்றது என்ன என்று யாராவது கேட்டால், அவருடைய 27 வருடச் சிறைவாசத்தை நான் முதலில் எடுப்பதில்லை. இந்தக் கூண்டைத்தான் எடுப்பேன்.

காரணம் இருக்கிறது. இனஒதுக்கலை நடத்தியதே சட்டம்தான். 1952-ல் மண்டேலாவும் ஆலிவர் தாம்போவும் ஜோகன்னஸ்பர்க் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு எதிரே சான்சலர் ஹவுஸ் கட்டடத்தில் ஆபீஸ் திறந்தார்கள். கறுப்பினத்தவர் நடமாட எப்போதும் வைத்திருக்க வேண்டிய பாஸ் இல்லாமல் பிடிபட்டவர்கள், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள், இவர்கள்தான் அவர்களுடைய கட்சிக்காரர்கள். சட்டத்திடம் இவ்வளவு அடிபட்ட மனிதர் ஆட்சிக்கு வந்ததும் நீதிமன்றத்தை ஒதுக்கித் தள்ளியிருந்தால், கேட்க ஆள் இருந்திருக்காது.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1995-ல் நாடாளுமன்றம் தந்த அதிகாரத்தை வைத்து, உள்ளாட்சித் தேர்தல் தொடர்பான ஒரு சட்டத்தைப் பிரகடனம் மூலம் திருத்தினார். இனஒதுக்கல் ஆட்சி நடத்திய பழைய நேஷனல் கட்சியின் கையிலிருந்த மேற்குக் கேப் மாகாணம் வழக்குக்குப் போயிற்று. அப்படி அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்ததே செல்லாது என்று புதிய அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அந்த நீதிமன்றத்தின் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன். 1964-ல் முடிந்த ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்குத் தூக்கு விழாமல் வாதாடிய வக்கீல்களில் அவரும் ஒருவர். தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக மண்டேலா வெளிப்படையாக அறிவித்தார்.

அதன் பலன் 2021 ஜூனில் தெரிந்தது. ஊழல் விசாரணைக் கமிஷன் முன் வர மறுத்த முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் சூமாவுக்கு இதே நீதிமன்றம் 15 மாதச் சிறை விதித்தது. அடுத்த மாதம் வெடித்த கலவரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நீதிமன்றம் அசையவில்லை.

இனி நிலம். பட்டா, சிட்டா, அடங்கல் என்று புரட்டியே பழகிய கண்ணுக்கு இங்கேதான் உறுத்துகிறது. 1913-ன் நிலச் சட்டம், பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு நாட்டில் சுமார் 7 சதவீத நிலத்தைத்தான் ஒதுக்கியது. 1936-ல் அதைச் சுமார் 13 ஆக்கினார்கள். 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டம் நகரங்களையும் நிறவாரியாகக் கூறுபோட்டது. டர்பனில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த நம் தமிழர்கள், கேட்டோ மேனரில் பாடுபட்டு வாங்கிய மனைகளை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்ந்தது இந்தச் சட்டத்தால்தான்.

1994-ல் மண்டேலா அரசு நில மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு நிலத்தை இழந்தவர்கள் மனுப்போடலாம். ஐந்து வருடத்தில் விவசாய நிலத்தில் 30 சதவீதத்தைக் கைமாற்றுவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். அதன் பக்கத்தில்கூட அவர்கள் வரவில்லை. 2017-ல் அரசே எடுத்த கணக்கில், தனிநபர்கள் பெயரிலிருந்த விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையரிடம் இருந்தது.

மண்டேலா அரசியல் சாசனத்திலேயே நிலத்தை விற்றுவிட்டார் என்று அந்நாட்டு இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் குற்றச்சாட்டு அப்படியே நிற்காது. சாசனத்தின் 25-வது பிரிவை நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். சொத்துரிமையைக் காக்கும் அதே பிரிவு, பொதுநலனில் நிலச் சீர்திருத்தமும் அடங்கும் என்கிறது. இழப்பீடு கணக்கிடும்போது சந்தை விலை பல அம்சங்களில் ஒன்றுதான் என்கிறது. விற்க மனமுள்ளவரிடம், அவர் கேட்கும் விலைக்கே வாங்குவது என்பது அரசு எடுத்துக்கொண்ட கொள்கை. சாசனம் போட்ட கட்டளை இல்லை. ராணுவமும் கஜானாவும் பழைய ஆட்சியிடம் இருந்தபோது, 1993-ல் விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டு நாடு எரியும் நிலையில் இருந்தபோது, பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்ததை நான் புரிந்துகொள்கிறேன். 1994 தேர்தலில் அவருடைய கட்சி 400 இடங்களில் 252 வென்ற பிறகும் அந்தத் தயக்கம் நீடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. சட்டத்துக்கு ஆள்பவனும் கட்டுப்பட்டவன் என்று நடந்து காட்டியதில் மண்டேலாவுக்கு நிகராக அந்த நூற்றாண்டில் வெகு சிலரே உண்டு. நிலத்தில் அவர் கடன் வைத்துவிட்டுப் போனார். அவர் ஆண்டது ஐந்து வருடம். அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடைத்தது. கடனில் பெரும் பங்கு அவர்கள் தலையில்தான். அதைத் தீர்க்கும் வழி 25-வது பிரிவிலேயே இருக்கிறது.