நீலத்தில் பாதி தாளுக்குச் சொந்தம்

ஒரே புட்டி, ஒரே பேனா, ஒரே கை. செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினால் நீல மை ஊறிப் பரவி, எழுத்தைச் சுற்றி மயிரிழைகளாகக் கிளை விடுகிறது. வழவழப்பான நோட்டுத் தாளில் அதே மை கூர்மையாக நிற்கிறது. ஜப்பானியரின் தொமோயே ரிவர் தாளிலோ, சில நீல மைகள் கோட்டின் விளிம்பில் செம்பு நிற மினுமினுப்பையும் காட்டும். மை தயாரித்தவர்கள் தாளின் இந்தக் குணத்தோடு பல தலைமுறைகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

தாள் என்பது நாரின் பின்னல். சும்மா விட்டால் ஈரத்தை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் பசையூட்டினார்கள். அரபு நாடுகளிலும் இந்தியாவிலும் மாவுக்கஞ்சி தடவிக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஐரோப்பாவில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த கூழில் தாளை முக்கி எடுத்தார்கள். 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் சுலபமான வழி ஒன்றை வெளியிட்டார்: தாள்கூழிலேயே பிசினையும் படிகாரத்தையும் கலந்துவிடுவது. செலவு குறைந்தது, இயந்திரத்துக்கும் ஒத்துவந்தது. ஆனால் படிகாரத்தால் வந்த அமிலம் தாளை உள்ளிருந்தே அரித்தது. பழைய புத்தகங்கள் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குவதற்கு அது முக்கியக் காரணம்.

அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. இரண்டும் இன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் அறிமுகமான சரக்குகள். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடி, காற்றுப் பட்டதும் நாருக்குள்ளேயே கறுத்து இறுகும். கழுவினாலும் போகாது. முன்கூட்டியே கறுக்கவிட்டால் புட்டியில் வண்டல் கட்டும்; கறுக்காமல் வைத்தால் எழுதும்போது எழுத்தே கண்ணுக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஸ்டீபன்ஸ். மாணவப் பருவத்தில் கவிஞர் ஜான் கீட்ஸுடன் ஒரே விடுதியில் தங்கியிருந்தவர். 1832இல் அவர் தொடங்கிய மைத் தொழிலில் கறுக்காத மையோடு அவுரி நீலத்தைச் சேர்த்தார். எழுதும்போது நீலம், நாளாக ஆக கறுப்பு. அலுவலகப் பதிவேடுகளை ஆண்ட நீலக்கருப்பு மை இப்படித்தான் பரவியது. அன்று இங்கிலாந்துக்குப் போன அவுரியில் பெரும்பங்கு வங்காளத்தில் விளைந்தது. துரைமார்களின் கட்டாயச் சாகுபடியால் நொந்த அந்த விவசாயிகள் 1859இல் கிளர்ந்தெழுந்ததை மையின் வரலாற்றிலிருந்து விலக்கிப் பார்க்க முடியாது.

புது மையை வாங்கியதும் பல தாள்களில் தீற்றிப் பார்ப்பது இன்றைய பேனாப் பிரியர்களின் வழக்கம். அதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1890இல் ஷ்லுட்டிக், நாய்மன் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் மாசிக்காய் மையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதில் சொன்ன சோதனை அழகானது. வெள்ளைத் தாளைப் பலகையில் இழுத்துக் கட்டி 45 பாகை சாய்த்து வைப்பார்கள். அளந்த மையை மேலிருந்து ஓடவிடுவார்கள். பக்கத்திலேயே தரமான மையின் கோடும் ஓடும். இரண்டில் எது சீராக இறங்குகிறது, எது அகலமாகப் பரவுகிறது, எது தாளின் மறுபக்கம் வரை ஊறுகிறது என்று பார்ப்பார்கள். உலர்ந்த பின் தாளை நறுக்கி, தண்ணீரிலும் சாராயத்திலும் போட்டு நிறம் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகமும் பிறகு இந்த முறையை எடுத்துக்கொண்டது.

1856இல் வில்லியம் பெர்கின் தற்செயலாகக் கண்ட ஊதாச் சாயத்துக்குப் பின் செயற்கை நீலங்கள் வரிசையாக வந்தன. பளிச்சென்ற நிறம், வண்டல் இல்லை. பேனாவுக்குள்ளேயே மை நிரப்பும் காலத்துக்கு இவை தோதாயின. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளின் ராயல் ப்ளூவை ஒரு ரசாயனப் பேனாவால் அழித்துவிட்டு மேலே திருத்தி எழுதலாம். சாயம் தாளைவிட்டுப் போவதில்லை. மூலக்கூறு மாறி நிறமிழந்து அங்கேயே கிடக்கிறது.

பார்க்கர் நிறுவனம் எதிர்த் திசையில் போனது. 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51 பேனாவுக்கென அது தந்த மை கடுமையான காரத்தன்மை கொண்டது. தாளின் பசையைத் துளைத்துக்கொண்டு நாருக்குள் இறங்கி, ஒற்றுத்தாள் இல்லாமலே உலர்ந்தது. வேறு பேனாக்களைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றில் ஊற்ற வேண்டாம் என்று புட்டியிலேயே எச்சரித்தார்கள். தாள்காரர் கட்டிய அணையை மைக்காரர் உடைத்த கதை இது.

இந்தியாவில் நீல மை சுதேசி உணர்வோடும் கலந்தது. வெளிநாட்டு மையை விட்டுவிட நினைத்த காந்திக்கு உள்நாட்டு மை தேவைப்பட்டது. அந்த வேகத்தில் 1934இல் ராஜசாகியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியதுதான் சுலேகா. பின்னர் கொல்கத்தாவின் ஜாதவ்பூருக்கு இடம் மாறி, 1980களின் இறுதியில் மூடப்பட்டு, 2006இல் மீண்டும் திறந்தது. தாளின் பக்கம் பார்த்தால், கரூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது.

புது நீல மை வாங்குகிறவர்கள் ஒரு தாளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். பள்ளி நோட்டு, நகலெடுக்கும் தாள், மெருகேறிய கடிதத் தாள் என்று மூன்றிலாவது எழுதுங்கள். ஒருநாள் உலரவிட்டு, மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.