டேபிள் பிரிண்டிங் முதல் டிடிஜி வரை

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். டி-சர்ட்டில் படம் போட்டு ஆன்லைனில் விற்கும் சின்னத் தொழில் அவனுக்கு. "மாமா, டிடிஜி மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க. அம்மா நகையை பேங்க்ல வெச்சுக்கச் சொல்லீட்டாங்க. எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்" என்றான். நான் திருப்பூரில் முப்பது வருடம் பிரிண்டிங் பட்டறை நடத்தியவன். ஆனாலும் அக்காவின் நகை என்றதும் சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. பழைய கதையில் இருந்து ஆரம்பித்தேன்.

திருப்பூர் என்றால் வெகுகாலம் வெள்ளை உள்பனியன்தான். 1978-ல் இத்தாலியில் இருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் சரக்குத் தேடி வந்ததைத்தான் ஏற்றுமதியின் தொடக்கமாக ஊரில் சொல்வார்கள். அதற்குப் பிறகு கலர் டி-சர்ட் ஆர்டர்கள் பெருகின. கூடவே பிரிண்டிங் பட்டறைகளும் பெருகின.

அன்றைக்கு எல்லாம் டேபிள் பிரிண்டிங். நீளமான டேபிளில் பீஸ்களை வரிசையாக ஒட்டி, ஸ்கிரீனை வைத்து, கையால் கலரை இழுப்போம். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். ஆறு கலர் படம் என்றால் ஆறு ஸ்கிரீன், ஆறு முறை இழுக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பீஸ் வீண். ஐயாயிரம் பீஸ் ஓடினால் ஸ்கிரீன் செலவு தெரியாது. ஐம்பது பீஸுக்கு யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுவோம்.

அந்த ஐம்பது பீஸ்காரருக்காக வந்ததுதான் டிடிஜி. காகிதத்தில் அச்சடிக்கும் இங்க்ஜெட் முறையையே துணிக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1990-களிலேயே முயற்சி நடந்தது. இஸ்ரேலில் 2002-ல் கோர்னிட் நிறுவனம் தொடங்கியது. 2005-ல் பிரதர் ஜிடி-541 வந்தது. 2013-ல் எப்சன் எஃப்2000 வந்த பிறகு சின்ன வியாபாரிகளும் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். ஸ்கிரீன் வேண்டாம். கம்ப்யூட்டரில் படம் இருந்தால் ஒரே ஒரு பீஸ் கூட அடிக்கலாம்.

சிக்கல் வெள்ளை இங்கில்தான். கறுப்புத் துணியில் படம் தெரிய வேண்டுமானால் முதலில் மருந்து தெளித்து, அடியில் வெள்ளை அடித்து, அதன்மேல் கலர் அடிக்க வேண்டும். வெள்ளை இங்கில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. கனமான பொடி. மெஷின் சும்மா நின்றால் அடியில் தங்கி ஹெட்டை அடைத்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசிக் காலத்தில் நானும் ஒரு பழைய டிடிஜி மெஷின் வாங்கினேன். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போக, பத்து நாள் பட்டறையைப் பூட்டினோம். திறந்து பார்த்தால் ஹெட் அடைத்துக் கிடந்தது. விற்றவர் ஆள் அனுப்ப ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஆர்டர் கைவிட்டுப் போனது. புது ஹெட்டுக்குக் கொடுத்த பணத்தில் நான்கு மாதச் சம்பளம் போட்டிருக்கலாம்.

அதனால் அவனிடம் மெஷின் பெயர் எதுவும் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டேன். தினமும் மெஷினை ஓட்டுகிற அளவுக்கு ஆர்டர் இருக்கிறதா? வருவது வெள்ளைத் துணியா, கறுப்பா? பழுதானால் இரண்டு நாளில் வந்து நிற்கிற மெக்கானிக் கோயமுத்தூரிலோ இங்கேயோ இருக்கிறாரா? விற்பவரிடம் உன் துணியையே கொடுத்து அடித்து வாங்கு, பத்து முறை துவைத்துப் பார், இங்க் செலவையும் பீஸ் கணக்கில் கேள் என்றும் சொன்னேன்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெனமும் ஏழெட்டு பீஸ்தானுங்க மாமா, முக்கால்வாசி கறுப்பு" என்றான்.

"அப்படின்னா ஆறு மாசம் ஜாப் ஒர்க்குக்கே குடு. ஒரு நோட்டுல கணக்கு எழுது. தெனம் முப்பது பீஸ் வந்தா நானே கூட வர்றேன், மெஷின் பாக்கலாம்" என்றேன்.

நேற்று அந்த நோட்டோடு வந்தான். சராசரி பதினொன்று. நகை இன்னும் அக்காவின் பீரோவில்தான் இருக்கிறது.