சீலையும் சில்லும்: டென்மார்க்கில் சைக்கிள் ஓடிய பெண்களின் உடுப்புக் கதை

டென்மார்க்கைப் பற்றி எழுதும் எங்களவர்கள் எல்லோரும் சைக்கிளைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதிவிடுவார்கள். மந்திரியும் சைக்கிளில் போகிறார், பிள்ளைத்தாய்ச்சியும் சைக்கிளில் போகிறார் என்று வியந்துவிட்டு முடித்துவிடுவார்கள். அந்தச் சைக்கிளில் ஏறிய பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை. சின்ன விசயம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் தெரியும்... ஒரு பெண் தன் வீட்டு வாசலில் இருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பல காலமாக அவளுடைய உடுப்புத்தான் தீர்மானித்தது.

முதலில் ஐரோப்பாவின் பழைய கதை. முன்சில்லு ஆளுயரத்துக்கு இருந்த காலத்தில் சைக்கிள் ஆண்களின் விளையாட்டுப் பொருள். பாவாடையோடு அதில் ஏறவே முடியாது. 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயினால் பின்சில்லு உருளும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். அதோடு சைக்கிள் பெண்களுக்கும் எட்டியது. ஆனால் அவர்கள் அன்று போட்டிருந்த உடுப்போ வேறு ஒரு உலகத்துக்கானது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செற், அதற்குமேல் நிலத்தைக் கூட்டும் பாவாடை, உள்ளே இன்னும் இரண்டு மூன்று பாவாடைகள். மூச்சு விடவே கஷ்டம், இதில் எங்கே பெடல் உழக்குவது?

அமெரிக்காவில் 1851இலேயே அமேலியா புளூமர் என்ற பெண்மணி, கணுக்காலில் கட்டிய தொளதொளத்த காற்சட்டைக்கு மேல் குட்டைப் பாவாடை போடலாம் என்று தன் பத்திரிகையில் எழுதி ஊர்ச் சிரிப்புக்கு ஆளானார். அந்த உடுப்புக்கு அவருடைய பெயரே ஒட்டிக்கொண்டது. நாற்பது வருசம் கழித்துச் சைக்கிள்தான் அதைத் திரும்பவும் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1893இல் ரெஸ்ஸி ரெய்னோல்ட்ஸ் என்ற 16 வயதுப் பிள்ளை பிரைட்டனில் இருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஏறக்குறைய 190 கிலோமீற்றர், எட்டரை மணித்தியாலம். அவள் ஓடிய வேகத்தைவிட அவள் போட்டிருந்த காற்சட்டையைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின.

இன்னொரு சம்பவம். 1898இல் இங்கிலாந்தின் சறே பகுதியில் ஒரு விடுதிக்கு ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் போய் இறங்கினார். காற்சட்டை உடுப்போடு வந்தவருக்கு உணவறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு 1899இல் நீதிமன்றம் போனது. சீமாட்டியின் பக்கம் தோற்றது! பிரான்சில் இன்னும் வேடிக்கை. பெண் காற்சட்டை போட அனுமதி வேண்டும் என்று 1800இல் பாரிசில் போட்ட கட்டளை ஒன்று இருந்தது. 1892இலும் 1909இலும் அதைத் தளர்த்தினார்கள். எப்படி? கையில் சைக்கிள் ஹான்டிலோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் போடலாமாம்! அந்தக் கட்டளை செல்லாது என்று அரசாங்கம் வாயால் சொன்னது 2013இல்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 'வெள்ளைக்காரிகள் பிறந்ததில் இருந்தே இப்படித்தான் உடுப்புப் போட்டார்கள்' என்று நினைக்கும் ஆட்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொரு அங்குலமாகச் சண்டை பிடித்துத்தான் பெற்றார்கள்.

இனி டென்மார்க். இங்கே சுசான லின்ட்பேர்க் என்று ஒரு பெண் இருந்தார். 1871இல் பிறந்தவர். 1897இல் 1000 கிலோமீற்றர் தூரத்தைச் சைக்கிளில் ஓடிச் சாதனை வைத்தார். டெனிஸ் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1915இல். கணக்குப் பாருங்கள்... வாக்குப் போட 18 வருசம் காத்திருக்க வேண்டிய நாட்டில், ஒரு பெண் ஆயிரம் கிலோமீற்றர் ஓடி முடித்துவிட்டாள். 1905இல் டெனிஸ் சைக்கிளோட்டிகள் சங்கம் தொடங்கியது. தெருக்களில் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் வரத் தொடங்கின.

சாதாரணப் பெண்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் காற்சட்டைக்கு மாறவில்லை. உடுப்புக்கு ஏற்றபடி சைக்கிளை மாற்றிக்கொண்டார்கள். நடுவில் இருந்த பாரை வளைத்துக் கீழே இறக்கினார்கள். செயினை மூடி ஒரு பெட்டி போட்டார்கள். பின்சில்லின் இரண்டு பக்கமும் வலையாலோ துணியாலோ மறைப்புக் கட்டினார்கள். இந்த மறைப்புக்கு டெனிஸில் 'பிராக்கஸ்கோனர்' என்று பெயர். மேற்சட்டையைக் காப்பது என்று அர்த்தம். இவை டெனிஸ்காரரின் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் இருந்ததுதான். ஆனால் மற்ற நாடுகள் பல காரைக் கண்டதும் சைக்கிளைக் கைவிட, இங்கே அது தப்பிப் பிழைத்தது. 1940 முதல் 1945 வரை ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பெற்றோல் தட்டுப்பாட்டால் எல்லோரும் சைக்கிள்தான். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டபோதும் மக்கள் திரும்பவும் சைக்கிளைத்தான் எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் கோபன்ஹேகனில் ஒரு பெண் கோட்டும் குட்டைப் பாவாடையும் குதிச்சப்பாத்துமாய் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போவதை நீங்கள் பார்க்கலாம்.

எங்கள் பெண்களின் கதை இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. 80களின் நடுப்பகுதியில் டென்மார்க் வந்தவர்களில் அதிகமானோர் இளம் ஆண்கள். மனைவிமார் ஊரிலோ கொழும்பிலோ காத்திருந்தார்கள். 1987இல் அப்போதைய நீதி மந்திரி எரிக் நின்-ஹான்சன் தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டத்தில் இருந்த உரிமையைச் சட்டத்தை மாற்றாமலே நிறுத்திவைத்த வேலை அது. 1989இல் விசயம் வெளியே வந்தது. 1993இல் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அரச விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்தது. டெனிஸ் சரித்திரப் புத்தகங்களில் இது 'தமிழர் வழக்கு' என்றே நிற்கிறது. எங்களுக்கு அது புத்தகம் இல்லை, இழந்துபோன வருசங்கள். நானும் அந்த வரிசையில் நின்று 1990 இளவேனிலில் யூலாந்துக்கு வந்து சேர்ந்தவள்.

வந்து பார்த்தால், மொழிப் பாடசாலை நாலு கிலோமீற்றர். கடை இரண்டு. மீன் பதனிடும் வேலைத்தலம் ஆறு. பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்று. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்கவே ஒரு குட்டிச் சொத்து வேண்டும். அப்ப என்ன வழி? பழைய சைக்கிள்தான். அதில் ஏற எங்களிடம் இருந்த உடுப்போ சீலை, பாவாடை, பஞ்சாபி. இதோடு யூலாந்தின் மேற்குக் காற்று! முந்தானை பின்னால் பறக்கும், சால் சில்லைத் தேடிப் போகும். 1927இல் நீஸ் நகரத்தில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக்காரி, கழுத்தில் இருந்த நீண்ட சால் கார்ச் சில்லில் சுற்றி இறந்துபோனார். பகிடிக்குச் சொல்லும் விசயம் இல்லை இது. இந்தியாவில் மோட்டார் சைக்கிள்களின் பின்சில்லுக்குச் சீலைத் தடுப்புப் போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு டெனிஸ் கிழவி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தன் அம்மாவின் காலத்துச் சைக்கிளில் இருந்த வலை மறைப்பைக் காட்டினார். "இது பாவாடைக்குச் செய்தது. உன்னுடைய சீலைக்கும் சரிவரும்" என்றார். நூறு வருசத்துக்கு முந்திய டெனிஸ் பெண்ணின் பிரச்சினையும் என்னுடைய பிரச்சினையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உடுப்பைவிடப் பெரிய தடை வாய்கள். நீட்டுக் காற்சட்டையும் ஜம்பரும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன எங்கள் பெண்களைப் பார்த்து, "என்ன தங்கச்சி, வந்து ஆறு மாசத்துக்குள்ளை டெனிஸ்காரியாகிட்டியள் போல?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர் போட்டிருந்ததும் நீட்டுக் காற்சட்டைதான்! அவர் வேட்டியோடு மீன் வெட்டப் போகவில்லை. கலாசாரத்தைச் சுமக்கும் வேலை மட்டும் எப்போதும் பெண்ணின் தோளில்.

அதே காலத்தில் ஊரில் என்ன நடந்தது? 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வரத்து நின்றுபோக, குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடியது. சட்டை, பாவாடை, சீலை எல்லாவற்றோடும் பெண்கள் உழக்கினார்கள். ரியூசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சங்கக் கடைக்கும். அங்கே யாரும் "பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடலாமோ?" என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் 1991 அளவில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துப் பழக்கியது. வயல் வேலைக்காரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓடினார்கள். யாழ்ப்பாணத்திலும் புதுக்கோட்டையிலும் முடிந்தது யூலாந்தில் மட்டும் ஏன் கலாசாரப் பிரச்சினை ஆனது? நீங்களே யோசியுங்கள்.

இனி, பெண்ணின் உடம்புக்கென்று தைத்த சைக்கிள் உடுப்பு எப்போது வந்தது என்று பார்ப்போம். பந்தயக்காரர்கள் முதலில் போட்டது கம்பளிக் காற்சட்டை. உள்ளே இருக்கும் இடத்தில் மெல்லிய தோல் வைத்துத் தைத்திருக்கும். 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவேர்ஸ் என்ற வேதியியலாளர் இழுபடும் நூலைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்று நாங்கள் சொல்வது அதுதான். உலகப் போட்டியில் பெண்களுக்கு வீதி ஓட்டம் வந்ததும் அதே 1958இல். ஒலிம்பிக்கில் வந்ததோ 1984இல். 1985இல் ஜோர்ஜினா ரெரி என்ற அமெரிக்கப் பெண், பெண்களின் உடல் அளவுக்கென்று சைக்கிள் செய்யும் நிறுவனம் தொடங்கினார். அதுவரை பெண்ணுக்கு என்று விற்றதில் பெரும்பகுதி ஆண்களின் அளவைச் சுருக்கியதுதான்.

என் மகள் இப்போது ஒரு சைக்கிள் கழகத்தில் ஓடுகிறாள். அவளோடு கடை கடையாய் ஏறி இறங்கி நான் படித்ததைச் சொல்கிறேன். எங்கள் சகோதரிகளுக்கு உதவும்.

தூர ஓட்டத்துக்கு மெத்தை வைத்த காற்சட்டை வாங்கினால், அதை உள்ளாடை இல்லாமல் நேரே தோலில் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் உரசிப் புண்ணாக்கும். மெத்தை தடிப்பாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். அசையாமல் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பெண்களின் இருப்பெலும்புகள் பொதுவாக ஆண்களைவிட அகன்று இருப்பதால் பெண்களுக்கான மெத்தை பின்பக்கம் அகலமாக இருக்கும். ஆகவே அண்ணனின் காற்சட்டை தங்கைக்கு உதவாது. சீற்றுக்கும் இதே கணக்குத்தான்.

கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்து வாங்க வேண்டாம். ஹான்டிலைப் பிடிப்பதுபோல முன்னால் குனிந்து பாருங்கள். முதுகுப் பக்கம் மேலேறி இடுப்பு வெளியே தெரிகிறதா? வயிற்றை வெட்டுகிறதா? கை மணிக்கட்டு வரை வருகிறதா? இங்கத்தைய உடுப்புகள் நெட்டையான பெண்களுக்கு வெட்டியவை. எங்கள் உயரத்துக்குக் காலும் கையும் நீண்டுபோகும். நீண்ட காற்சட்டையைச் செயின் பிடிக்கும். சில வேளை சிறுவர் பகுதியில் தேடினால் சரியான அளவு கிடைக்கும், விலையும் குறைவு.

ஐந்தாறு கிலோமீற்றர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பஞ்சாபி விருப்பமா? முழங்காலுக்கு மேலே நிற்கும் மேற்சட்டை, பக்கத்தில் நல்ல வெட்டு, கணுக்காலில் ஒட்டிய காற்சட்டை. சாலைப் பையில் வையுங்கள். குளிருக்கு ஒரு தடித்த கோட்டைவிட இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. தோலோடு பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரவைக்கும். மழைக்கோட்டின் பின்பக்கம் நீளமாக இருக்கட்டும். 'கெட்ட வானிலை என்று ஒன்று இல்லை, பிழையான உடுப்புத்தான் உண்டு' என்று டெனிஸ்காரர் சொல்வார்கள். தலையை மறைக்கும் வழக்கம் உள்ள பெண்களுக்கும் வழி உண்டு. டென்மார்க்கின் ஹும்மல் நிறுவனம் 2016இல் ஆப்கானிஸ்தான் பெண்கள் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைமறைப்பையும் சேர்த்துத் தைத்த உடுப்பைச் செய்தது. மனம் இருந்தால் தையற்காரன் வழி கண்டுபிடிப்பான்.

2016இல் அமலியே டீடெரிக்சன் என்ற டெனிஸ் பெண் வீதி ஓட்டத்தில் உலக வெற்றியாளர் ஆனார். 2022இல் பிரான்சைச் சுற்றும் பெண்கள் ஓட்டத்தில் செசிலியே உட்ரூப் லுட்விக் ஒரு கட்டத்தை வென்றார். அவர்கள் போட்ட உடுப்பைப் பற்றி யாரும் நீதிமன்றம் போகவில்லை. சுசானவின் காலத்தில் இருந்து 125 வருசம் பிடித்திருக்கிறது.

எங்கள் வயதுப் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கார் வந்ததும் சைக்கிளை நிலவறையில் போட்டவர்கள் பலர். இப்போது சீனி வியாதி, பிரஷர், முழங்கால் நோ. தெற்காசியர்களுக்குச் சீனி வியாதி அதிகம் வருகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த விசயம். டொக்டர் நடக்கச் சொல்கிறார், சைக்கிள் ஓடச் சொல்கிறார். "இந்த வயசிலை காற்சட்டையோடை ரோட்டிலை போனால் சனம் என்ன சொல்லும்?" என்று எங்களவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சனம் சொல்லும்தான். ஹார்பர்ட்டன் சீமாட்டிக்கும் சொன்னது, 16 வயது ரெஸ்ஸிக்கும் சொன்னது. சொன்ன சனத்தின் பெயர் ஒன்றும் சரித்திரத்தில் இல்லை.

உடுப்பு உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும், பாதைக்கும் காற்றுக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும். ஊராரின் கண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த உடுப்பில் ஒரு கிலோமீற்றர்கூட உழக்க முடியாது. ரயருக்குக் காற்றடியுங்கள் அக்காமாரே, கோடை வருகிறது.