வழியனுப்பியவர் வரலாறு: ஆவூரை முன்னிட்டு ஒரு சிந்தனை

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே, விராலிமலை வட்டாரத்து வறண்ட நிலத்தில் அமைந்துள்ள ஆவூர், தமிழகத் திருச்சபை வரலாற்றைக் கற்போர் நன்கறிந்த பெயராகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டவரான பூஷே அடிகளார் இங்கு ஆலயம் எழுப்பினார். வீரமாமுனிவர் என நாம் போற்றும் பெஸ்கி அடிகளாரும் இங்குத் தொண்டாற்றினார். இயேசு சபையாரின் மதுரை மிஷனுக்கு இவ்வூர் முக்கியமானதொரு நிலையமாய் விளங்கிற்று.

இத்தகைய ஊர்களின் வரலாற்றை, வந்தவர்களின் வரலாறாகவே நாம் எழுதியும் படித்தும் வருகிறோம். ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும் ஓர் இல்லத்தினின்று புறப்பட்டவர். அவ்வில்லத்தில் பெற்றோர் இருந்தனர். பிற்காலத்தில் இதே நிலப்பகுதி தன் சொந்த மக்களைக் கடல் கடந்து அனுப்பிற்று. அப்பொழுது இங்குள்ள பெற்றோர் திண்ணையிலிருந்து வழிபார்த்தனர். மக்களையும் பேரமக்களையும் தொலைவில் விட்டு முதுமையெய்திய இவர்களுக்குத் திருச்சபை வரலாற்றில் இடம் யாது? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மதுரை மிஷனின் தொண்டர்களுள் அருளானந்தர் எனப்பெற்ற ஜான் டி பிரிட்டோவை முதலில் நோக்குவோம். அவர் 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1673இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட முனைந்தபோது, கைம்பெண்ணான அவருடைய தாயார் அப்பயணத்தைத் தடுக்கத் தம்மால் இயன்ற முயற்சியனைத்தும் செய்தார். திருத்தந்தையின் தூதுவரிடமும் முறையிட்டார். பயன் விளையவில்லை. 1687இல் மகன் லிஸ்பன் திரும்பினார். தாயுள்ளம் நம்பிக்கை கொண்டிருத்தல் கூடும். எனினும் 1690இல் அவர் மீண்டும் கப்பலேறினார். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கொல்லப்பட்டார். செய்தி எட்டியபோது தாயார் துக்க உடை அணியாது விழாக்கோலத்துடன் அரசவைக்குச் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் போற்றிக் கூறுவர். அந்த விழா உடையை வரலாறு நினைவிற் கொண்டது. அரசவையினின்று அவர் திரும்பிச் சென்ற வீட்டைப்பற்றி அது பேசவில்லை.

நம் சீர்திருத்தத் திருச்சபை மரபிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. ஆவூருக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு உழைத்த சுவார்ட்ஸ் ஐயர், 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். அவருடைய தாயார் முன்னரே மரித்துவிட்டார். இந்தியாவுக்குச் செல்ல மகன் இசைவு கேட்டபோது, தந்தை உடனே விடை கூறவில்லை. சில நாள் சிந்தித்த பின்னரே ஆசி கூறி அனுப்பினார். 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய சுவார்ட்ஸ், 1798இல் தஞ்சையில் மரிக்கும்வரை தாயகம் திரும்பவேயில்லை. அவருடைய 48 ஆண்டுத் தொண்டினை நம் மாணவர் தேர்வுக்காகப் படிக்கின்றனர். தந்தை சிந்தித்த அந்தச் சில நாட்களையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் நலம். கொடுத்தவர் இன்றேல் சென்றவர் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் பயணத்தின் திசை மாறிற்று. பஞ்சமும் கடனும் துரத்த, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். அவர்களிடையே ஊழியம் செய்வதற்கென 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றிற்று. 1914இல் புகைவண்டியையும் கப்பலையும் இணைத்த போட் மெயில் பயணம் தொடங்கியபோது கடல் குறுகியதுபோல் தோன்றிற்று. ஆயினும் போனவர் பலர் அங்கேயே வேரூன்றினர். ஊரிலிருந்த முதியோர், பேரமக்களின் பெயரைக் கடிதத்தில் மட்டுமே அறிந்தனர். அக்கடிதத்தையும் பிறர் படித்துச் சொல்லவேண்டியவராய் இருந்தோர் பலர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இப்பிரிவு தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறீமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரின் எதிர்காலத்தைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்கள் சமமாயின. ஆனால் குடும்பங்கள் பிளந்தன. பெற்றோர் ஒரு நாட்டின் குடிகளாகவும், மணமான மக்கள் மறுநாட்டின் குடிகளாகவும் ஆன நிகழ்ச்சிகள் பல. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர். வந்தவர்கள் மண்டபம் முகாமிலும், திருச்சிராப்பள்ளியை அடுத்த கொட்டப்பட்டு முகாமிலும் தங்கினர். தோட்டத்து லயத்தில் எஞ்சிய பாட்டனும் பாட்டியும் அவர்களை மீண்டும் காண்பது அரிதாயிற்று. 1984இல் போரின் காரணமாகக் கப்பற் போக்குவரத்தும் நின்றது.

இன்று திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தினின்று சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் இளைஞர் செல்கின்றனர். கைப்பேசித் திரையில் பேரக்குழந்தையின் முகம் அன்றாடம் தெரிகிறது. இது பெரும் ஆறுதலே. ஆயினும் திரையில் கண்ட குழந்தையை மடியில் இருத்த இயலாது. நோயுற்ற இரவில் ஒரு குவளை நீர் தருவாரும் இல்லை.

திருமறை இத்துயரை அற்பமாக எண்ணவில்லை. யோசேப்பை இழந்த யாக்கோபு ஆறுதலை ஏற்க மறுத்தான் (ஆதி. 37:35). அதற்காக அவன் கடிந்துகொள்ளப்படவில்லை. ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பின் மகன் உயிரோடிருக்கும் செய்தி வந்தது. அவன் முதலில் நம்பவில்லை. மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்டபோதே அவனுடைய ஆவி உயிர்த்தது (45:27). சொல் மட்டும் போதவில்லை. கண்ணாற் காணத்தக்க ஒன்று வேண்டியிருந்தது. பயணம் புறப்பட்டபின்னும் எகிப்துக்குச் செல்ல அவனுக்கு அச்சம் இருந்தது என்பதை 46ஆம் அதிகாரம் குறிப்பாய் உணர்த்துகிறது. மகனோடு வாழ அழைக்கப்படும் முதியோர் தம் மண்ணை விட்டு அகலத் தயங்குவதை நாம் பிடிவாதம் என்று தள்ளலாகாது. இறுதியில் யாக்கோபு எப்பிராயீமையும் மனாசேயையும் அணைத்து முத்தமிட்டான் (48:10). மீட்பின் வரலாறு, பேரர்களைத் தொட்ட ஒரு முதியவனின் கைகளின் வழியாகவும் செல்கிறது.

ஆகவே நம் போதகர்களுக்கும் மாணவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. தொலைவிலுள்ள மக்களுக்காக ஏங்குவோரிடம், விசுவாசிக்கு அழுகை தகாது என்று கூறுதல் திருமறைக்கு ஒவ்வாது. சபைச் சந்திப்பில் தனித்து வாழும் முதியோரின் வீடு முதலிடம் பெறவேண்டும். யாக்கோபின் வண்டியைப்போல அவர்கள் காணத்தக்கதாய் நம் வருகை அமையட்டும். வரலாறு பயிலும் மாணவர், முதியோரின் பெட்டிகளில் உறங்கும் பழைய கடிதங்களை அவர்களுடைய இசைவோடு படித்துப் படியெடுத்து வைப்பாராக. மிஷனெரிகளின் நிருபங்களுக்கு நாம் தரும் மதிப்பு அவற்றுக்கும் உரியது. வந்தவர் பெயர்கள் நம் ஆலயச் சுவர்களில் உள்ளன. வழியனுப்பியவர் பெயர்களையும் கேட்டறிந்து எழுதிவைப்பது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.