மருத்துவக் கல்லூரி வாசலும் அரசுப் பள்ளியும்

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடங்கள், 1920களின் வகுப்புவாரி ஆணைகள் தொட்டுச் சமூகப் பிரிவை முன்வைத்தே பங்கிடப்பட்டன. மாணவரின் வீட்டு வருவாயும் அவர் படித்த பள்ளியும் அக்கணக்கில் நெடுங்காலம் ஏறவில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பெற ஆண்டு வருவாய் 9,000 ரூபாய் என வரம்பு கட்டியது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தோற்றதும் அதைக் கைவிட்டு, ஒதுக்கீட்டையே 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது.

1984இல் வந்த நுழைவுத் தேர்வு மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பொதுவானது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனச் சுருக்கிய 200 மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வின் 100 மதிப்பெண்ணைக் கூட்டினால் வருவதே மருத்துவத்துக்கான ‘கட்-ஆஃப்’. அதில் அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசை வெகுவாகச் சரியும் என்பதால், பயிற்சி மையம் எட்டாத கிராமத்து மாணவர் தொடக்கத்திலேயே பின்தங்கினார். 2006இல் இயற்றிய சட்டத்தால் அத்தேர்வு ஒழிந்தது. ஆனால் பயன் முழுவதும் அரசுப் பள்ளிக்குச் சேர்ந்துவிடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு மனப்பாடம் செய்வித்த நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அந்த 200ஐ அள்ளிச் சென்றன. தேர்வு போயிற்றே ஒழிய, பணம் கட்டிப் பெறும் பயிற்சி போகவில்லை.

2017 முதல் நாடு முழுவதற்குமான ‘நீட்’ நுழைவுத் தேர்வு கட்டாயமானபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணும் அளவே ஆயினர். நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்க, அரசு அதை 7.5 எனக் குறைத்து 2020இல் சட்டமாக்கியது. உள்ஒதுக்கீடு என்பது இருக்கும் இடங்களுக்குள்ளேயே ஒரு பங்கைத் தனியே எடுத்துவைப்பது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றிருப்பதே முதன்மைத் தகுதி. வருமானச் சான்றிதழ் வேண்டியதில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் அரசியலில் சுட்ட வருவாய் வரம்பு, இம்முறை பள்ளியின் பெயரால் உள்ளே வந்தது எனலாம்.

2020இல் 300க்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனப் பிரிக்கப்பட்டன. எனினும், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுள் சிலர், கட்டணம் கட்ட வழியின்றிக் கலந்தாய்விலேயே அதை விட்டுக்கொடுத்தனர். அதன் பின்னரே அக்கட்டணத்தையும் தானே ஏற்பதாக அரசு அறிவித்தது.