வானம் பார்த்த பூமியின் பழைய பேர்கள்: வரலாறு தேட உதவும் சில இணையதளங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வரலாறு பற்றி இணையத்தில் ஒன்றுமே இல்லை என்று பலர் சொல்வதுண்டு. ஊர்ப் பேரைத் தட்டினால் பஸ் நேரம், பின்கோடு, வெயில் அளவு, ரமண மகரிஷி பிறந்த ஊர் என்ற தகவல், கொஞ்சம் விக்கிப்பீடியா. அதோட முடிஞ்சு போகுது.

உண்மையில் விஷயம் நிறையவே இருக்கு. நாம் இன்றைய பேரைச் சொல்லித் தேடுகிறோம், ஆவணமோ அது எழுதப்பட்ட காலத்துப் பேரில் கிடக்கிறது. டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். தகவல் அப்படியே இருக்கும், அதை எடுக்கிற 'கீ' மட்டும் மாறிப் போயிருக்கும். எந்தத் தளம் நல்ல தளம் என்பதை விட, எந்தத் தளத்தில் எந்தப் பேரைக் கொடுப்பது என்பதுதான் முக்கியம். இந்த வறண்ட பூமியையே உதாரணமா வச்சுப் பார்ப்போம்.

ஒரே ஊர், மூணு மாவட்டம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. அந்த ஜமீன் முழுக்க மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985ல் அதையும் மூன்றாகப் பிரித்தபோது நம்ம பக்கம் காமராஜர் மாவட்டம் ஆனது. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பேர் வேண்டாம் என்று 1997ல் முடிவானபின் விருதுநகர் மாவட்டம்.

இதனால் என்ன ஆகுதுன்னா, 1868ல் ஜே.எச். நெல்சன் எழுதிய மதுரை மேனுவலையும், 1906ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை கெசட்டியரையும் 'விருதுநகர்' என்று தேடுகிறவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. ராபர்ட் சீவெல் 1882ல் வெளியிட்ட தொல்சின்னங்களின் பட்டியலில் திருச்சுழி மதுரை ஜில்லாவின் கீழ் வரும். வி. ரங்காச்சார்யா 1919ல் வெளியிட்ட கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியலில் அதே ஊர் இராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போய்விடும். இடையில் ஜில்லா பிரிந்ததுதான் காரணம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடும் இராமநாதபுரம் என்ற பேரில்தான் இருக்கு.

இந்தப் பழைய நூல்களில் பெரும்பாலானவை ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் முழுசாகக் கிடைக்கின்றன. தேடும்போது இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, எழுத்துக்கூட்டல். திருச்சுழியை ஆங்கிலத்தில் ஒருவர் 'எல்' போட்டு எழுதுவார், ரமணாசிரம நூல்களில் 'இசட் எச்' வரும், இன்னொருவர் நடுவில் இரண்டு 'சிஎச்' போடுவார். இரண்டு, ஓசிஆர். பழைய கெசட்டியர்களில் நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். 'கோட்டை'யில் வரும் அந்த 'ஓ' சில சமயம் ஓசிஆர் கண்ணுக்கு 6 என்ற எண்ணாகத் தெரியும். அதனால் முழுப் பேரையும் கொடுக்காமல் 'அருப்பு' வரைக்கும் உள்ள ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

பள்ளிமடம்: ஒரு சொல், சில கற்கள்

திருச்சுழிக்குப் பக்கத்திலேயே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் என்று ஒரு ஊர். 'பள்ளி' என்றதும் இன்றைக்கு நமக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். இங்கே முதலில் போக வேண்டியது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்துக்கு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அங்கே தேடக்கூடிய வடிவில் இருக்கு. 1913ல் வேலை ஆரம்பித்து, 1924க்கும் 1936க்கும் நடுவில் ஆறு தொகுதிகளாக வந்து, 1939ல் அனுபந்தத்தோடு முடிந்த அகராதி அது. அதன் முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ். சாண்ட்லர் நம்ம மதுரை அமெரிக்கன் மிஷன்காரர். பெரும்பகுதியை முடித்துத் தந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அதே தளத்தில் வின்சுலோ, பெப்ரிசியஸ் அகராதிகளும், பரோ-எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கின்றன.

பள்ளி என்ற சொல்லுக்கு இடம், சிற்றூர், படுக்கை, பள்ளிக்கூடம் என்று பல பொருள். சமண, பௌத்தத் துறவிகள் தங்குமிடத்துக்கும் கோயிலுக்கும் அதுதான் பேர். 'பள்ளிப்படை' என்றால் இறந்த அரசரின் நினைவாக எழுப்பிய கோயில். சரி, பள்ளிமடத்துக்கு இதில் எது பொருந்தும்?

அடுத்து தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை. 1886ல் ஹூல்ஷ் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டு, 1890ல் முதல் தொகுதி வந்தது. 1962ல் வந்த 14ஆம் தொகுதி முழுக்கப் பாண்டியர் கல்வெட்டுகள். அதில் அருப்புக்கோட்டை தாலுகா பள்ளிமடம் காளநாதசுவாமி கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்தவை அவற்றில் முக்கியமானவை. அங்கே இந்த இடத்துக்குப் பள்ளிமடம் என்ற பேரே கிடையாது. பருத்திக்குடி நாட்டுத் திருச்சுழியலில் உள்ள பள்ளிப்படை, சுந்தரபாண்டிய ஈஸ்வரம் என்று வருகிறது. ஆக, ஒரு பாண்டிய அரசனின் நினைவுக் கோயில். நெசவுக்கும் பருத்திக்கும் பேர் போன இந்த வட்டாரத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பேரே பருத்திக்குடி நாடு என்பது படிக்கிறவரை ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கும்.

அதோடு முடியவில்லை. அதே கோயிலில் இருக்கும் ஒரு கல் வேறு ஊரைப் பேசுகிறது. வெண்புநாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளிக்கு அளித்த கொடையைச் சொல்லும் கல் அது. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' நூலில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். இப்போ 'குறண்டி' என்ற பேரை வைத்துத் தேடுங்கள். மதுரைக்குப் பக்கம் கீழக்குயில்குடி சமணமலையில், செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குறண்டி ஆசிரியர்களின் மாணாக்கர் பேர்கள் வரிசையாக வரும். இன்றைக்குக் காரியாபட்டி பக்கம் ஒரு சின்ன ஊராகத் தெரிகிற குறண்டி, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மதுரை மலைகள் வரைக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அனுப்பிய சமணக் கல்வி நிலையம்.

திருச்சுழிக்கு இன்னொரு வாசலும் உண்டு. தேவாரப் பாடல் பெற்ற பதினான்கு பாண்டிநாட்டுத் தலங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது, சுந்தரர் பாடிய பதிகத்தில் பேர் திருச்சுழியல். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மின் தேவாரத்தில் பதிகங்களோடு தலங்களின் வரைபடமும் கிடைக்கும். மற்ற இலக்கியங்களுக்கு, சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். 'திருச்சுழி' என்று மட்டும் தேடினால் இவற்றில் பாதி கைக்கு வராது. 'சுழியல்' என்று கேட்டால் வரும்.

சீமைக்கருவேலம் எப்போ வந்தது?

நம்ம பக்கம் டீக்கடைப் பேச்சில் அடிக்கடி வருகிற விஷயம் இது. 1950, 60களில் அரசாங்கம் விதையைக் கொண்டுவந்து தூவியது என்பார்கள். வெளிநாட்டுச் சதி என்பவர்களும் உண்டு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஒரு பக்கம், காடும் கம்மாயும் போச்சு என்கிற சம்சாரிகள் ஒரு பக்கம். அதனால் இது வெறும் வாய்ச் சண்டை இல்லை. மரத்தை வெட்டணுமா வேண்டாமா என்ற முடிவுக்கு அடியில் ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கு.

வனத்துறை சார்ந்த நூல்களின்படி, சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் 1876ல் இந்த விதையைக் கேட்டு எழுதினார். 1877ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். விறகுப் பஞ்சத்துக்கு வறட்சி தாங்கும் மரம் வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் அரசுகள் இதைப் பரப்பியதும் உண்மைதான். ஆனா வந்தது வேறு, பரவினது வேறு. நடுவில் பல பத்தாண்டு இடைவெளி இருக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பழி யார் தலையிலாவது விழும், காரணம் மட்டும் பிடிபடாது.

இதைத் தேட இரண்டு தளங்கள். கியூ தாவரவியல் தோட்டத்தின் உலகத் தாவரங்கள் தளத்தில் மரத்தின் தாயகம், பரவிய நாடுகள் எல்லாம் கிடைக்கும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன், தென்னமெரிக்காவின் வடபகுதி இதன் சொந்த ஊர். பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் பல்லுயிர் பாரம்பரிய நூலகம். இங்கேயும் அதே பேர்ச் சிக்கல். நாம் புரோசாபிஸ் ஜூலிஃப்ளோரா என்று படித்த மரம், 2022ல் அந்தப் பேரினத்தைப் பிரித்தபின் கியூ தளத்தில் நெல்டுமா ஜூலிஃப்ளோரா. புதுப் பேரில் தேடினால் 1877ஐப் பற்றி எதுவும் வராது, பழைய பேர் மட்டும் தெரிந்தால் இனி வரப்போகும் ஆய்வுகள் தவறிப் போகும். கியூ தளம் ஒவ்வொரு இனத்துக்கும் பழைய பேர்களை வரிசையாகக் கொடுக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மற்ற தளங்களுக்குப் போவது நல்லது. ஊரில் வழங்கும் 'சீமை' என்ற முன்னொட்டும் சும்மா வந்ததில்லை. வெளியிலிருந்து வந்த மரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

கம்மாய்க் கணக்கு

திருமங்கலம் பக்கமிருந்து காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று ஓடும் குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். இந்தப் பூமியைக் காப்பாற்றியது கம்மாய்களும் ஊருணிகளும்தான். ஒரு கம்மாயின் வரத்துக்கால் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு இன்றைக்கும் பண மதிப்பு உண்டு. பிளாட் போடுகிறவருக்கும் தெரியணும், தடுக்க நினைப்பவருக்கும் தெரியணும்.

டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வரைபடத் தொகுப்பில் 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடத் துறை தயாரித்த இந்திய வரைபடங்கள் உள்ளன. 1:2,50,000 அளவு என்பதால் பெரிய கம்மாய்கள்தான் தெரியும். சின்னவற்றுக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்கள் வேண்டும். இன்றைய நிலைக்கு இஸ்ரோ 2009ல் தொடங்கிய புவன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த ஓடை எங்கே அடைபட்டது என்பது ஓரளவு தெரிந்துவிடும். அதன்பிறகு தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்த்து, நீர்நிலைப் புறம்போக்கா பட்டாவா என்று சரிபார்க்கலாம்.

இங்கே பேரின் இடத்தில் எண் வந்துவிடுகிறது. 1980களில் நடந்த யுடிஆருக்கு முந்தைய சர்வே எண் வேறு, இப்போதைய எண் வேறு. பழைய பத்திரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே தளத்தில் கொடுத்தால் வேறு யாருடைய நிலமாவது வரும். நம்ம பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் இது ஜமீன் பூமி. ரயத்துவாரி ஊர்களைப் போல அரசின் செட்டில்மென்ட் பதிவேடு ஜமீன் ஊர்களுக்கு அப்போது கிடையாது. ஆகவே பக்கத்து ஜில்லாக்காரர் தேடுகிற வழியில் நாம் தேடினால் கிடைக்காது. ஜமீன் காலத்துக் காகிதங்களில்தான் பார்க்கணும்.

தளங்களும் சாகும்

இணையத்தில் ஏறியது நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஜியோசிட்டீசில் இருந்த பக்கங்கள் 2009ல் மூடப்பட்டன. இந்திய மின்னூலகம் என்ற பெரிய அரசுத் திட்டமே நின்று போனது. அதிலிருந்த ஏராளமான நூல்களை ஆர்வலர்கள் ஆர்க்கைவ் தளத்துக்கு மாற்றியதால்தான் இன்று படிக்க முடிகிறது. மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால நூல்கள் இணைமதி, மயிலை எழுத்துருக்களிலும் பிறகு டிஸ்கியிலும் வந்தவை. யூனிகோடுக்கு மாற்றியபிறகே அவை தேடுபொறியின் கண்ணில் பட்டன. உங்களுக்கு வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த நூல், எந்தப் பக்கம் என்றும் குறித்து வையுங்கள். சுட்டி செத்தாலும் நூலின் பேர் வழிகாட்டும். குறண்டிப் பள்ளி அழிந்தும் நமக்குத் தெரிவது, யாரோ கல்லில் எழுதினார்கள், வேறு யாரோ மைப்படி எடுத்து அச்சில் ஏற்றினார்கள் என்பதால்தான்.

இத்தனை தளங்களிலும் இல்லாத ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கம்மாயின் மடைகளுக்கு, கலுங்குக்கு, ஓடைக்கு, காட்டுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பேர். வரைபடத்தில் வெறும் நீலத் திட்டு, பதிவேட்டில் வெறும் எண். அந்தப் பேர்களைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மடை திறந்து தண்ணி பாய்ச்சிய பெரியவர்கள், எழுபது எண்பது வயசுக்காரர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு கம்மாய்க்குப் பேர் எழுதலாம், மாற்றுப் பேரும் சேர்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்க் கட்டுரைக்கு ஒரு பத்தி சேர்க்கலாம். வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் போனும் எடுத்துக்கொண்டு, கம்மாய்க் கரையில் அவர்களோடு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். சொல்லுகிற பேரையெல்லாம் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், கூடவே சர்வே எண்ணையும்.